பவளத்தின் பெட்டிக்கு நீ போட்ட துளைகள்

என் குஞ்சுத் தம்பி குகனுக்கு,

உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலரில் போட நாலு வரி எழுதித் தரும்படி உன் அத்தான் கேட்டார். “பண்பின் சிகரமே, பாசத்தின் உறைவிடமே எண்டு தொடங்குமப்பா, வடிவாயிருக்கும்” என்று வசனமும் எடுத்துத் தந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனையை மேசையில் எறிந்தேன். நீ சிகரமும் இல்லை, உறைவிடமும் இல்லை. நீ ஒரு விசரன், முழுப் பைத்தியம். ஐம்பத்தொரு வயதில், பூட்டிய அறைக்குள் மூச்சுமுட்டிச் செத்துப்போன விசரன். அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும்.

செத்தவனை ஏசக்கூடாது என்று சனம் சொல்லும். உயிரோடு இருந்தபோது ஏசினால் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விடுவாய். இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

முதலில், நீ கேட்கப் போகிற கேள்விக்குப் பதில். பவளம் உயிரோடு இருக்கிறாள். ஆனால் உன் செத்தவீடு முடிந்த மறுநாள் அவள் சாகக் கிடந்தாள். அந்த நிலைக்கு அவளைக் கொண்டுபோனது வேறு யாருமில்லை, நானும் உன் அத்தானும்தான்.

பவளம் என்றால் யாரோ பெண்பிள்ளை என்று இதை வாசிக்கிறவர்கள் நினைக்கக்கூடும். பவளம் ஒரு மலைப்பாம்பு. நாலடி நீளம், என் மணிக்கட்டு மொத்தம், மண்ணிற உடம்பில் கறுப்புத் திட்டுகள். பயந்தால் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வீரம். யாரோ வேண்டாம் என்று கொடுத்ததை வாங்கி வந்து, ஈஸ்ட் ஹாமில் உன் வாடகை அறையில் ஒன்பது வருடம் வளர்த்தாய். கலியாணம் கட்டடா என்று நாங்கள் கத்த, நீ பாம்புக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய்.

என்ன பெட்டி அது! மரத்தில் அடித்து, முன்னுக்கு இழுவைக் கண்ணாடி போட்டு, உள்ளே ஒரு பக்கத்து மேல்தட்டில் வெளிச்சம் வராத பீங்கான் சூட்டு பல்ப் பூட்டி, அதைச் சுற்றிக் கம்பிக்கூடும் வைத்தாய். பாம்பு போய்ச் சுற்றிக்கொண்டால் சுட்டுவிடுமாம்; சுடுவது அதற்கு உடனே தெரியாதாம். சூடு அளவோடு இருக்க ஒரு தெர்மோஸ்டாட். சூட்டுப் பக்கம் முப்பத்தொன்று, குளிர்ப் பக்கம் இருபத்தைந்து. இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு வெப்பமானி. உனக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க அந்த அறையில் ஒரு வெப்பமானி இருந்ததா, சொல்லு?

உன் தொழிலை நினைத்தால் இன்னும் பற்றி எரிகிறது. மற்றவர்களின் வீடுகளுக்கு எக்ஸ்ட்ராக்டர் ஃபான் பூட்டுவது உன் வேலை. ஈரத்தால் சுவரில் பூஞ்சணம் பிடித்த வீடுகளுக்குப் போவாய், சுவரில் ஓட்டை போடுவாய், காற்று வெளியே போக வழி செய்து கொடுப்பாய். ஷிப்ட் முடிய ரெயில் பிடித்து, கறுப்புப் பூஞ்சணம் கூரைவரை ஏறிய உன் அறைக்கே திரும்பிப் போவாய். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா, முட்டு வருத்தக்காரன் நீ. உனக்கு அந்தச் சுவர் என்ன செய்யும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

உன் வீட்டுக்காரரும் நம்முடைய ஆள்தான். அது இன்னும் கேவலம். “துடைச்சுப்போட்டுப் பெயின்ற் அடியும் தம்பி. உள்ளுக்கை உடுப்புக் காயப்போடாதையும்” என்று சொல்லிவிட்டுப் போவாராம். ஹீற்றரைத் தன் கையில் வைத்திருந்தார்; காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். நீயும் ‘ஓம் அண்ணை’ என்று தலையாட்டி மூன்று தரம் பெயின்ற் அடித்தாய். வாடகை வீடுகளைப் பரிசோதிக்கிற கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுத உனக்குக் கை வரவில்லை. “பாவமக்கா, அந்த ஆளும் எங்களைப்போலை வந்ததுதானே” என்றாய். எங்களைப்போல வந்தவர் உன்னை எப்படி வைத்திருந்தார் என்று இப்போது பார்த்தாயா?

மார்கழியில் நான் கடைசியாக உன் அறைக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். யன்னலைச் சுற்றி அகலமான வெள்ளி டேப் ஒட்டியிருந்தாய். நாலு பக்கமும் ஒரு நூல் இடைவெளி இல்லாமல், உன் வேலைக்கேயுரிய சுத்தத்தோடு.

“உதென்னடா கோலம்?” என்றேன்.

“காத்து ஊதுதக்கா. விறைக்குது.”

பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பவளத்தின் பெட்டியைக் காட்டினாய். புதிதாகத் துளை போட்டிருந்தாயாம். “இஞ்சை பாருங்கோ. குளிர்ப் பக்கத்திலை கீழை, சூட்டுப் பக்கத்திலை மேலை. கீழாலை காத்து உள்ளை வரும், சூடேறி மேலாலை போயிடும். அடைச்சு வைச்சா இதுகளுக்கு நெஞ்சிலை சளி கட்டியிடும், பிறகு வாயைத் திறந்து மூச்சு விடத் தொடங்கும்.” பேசி முடிக்கும்போதே உனக்கு மூச்சு வாங்கியது. கதிரையைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டு, அதில் முதுகைச் சாய்த்தபடி முட்டுக்குப் பாவிக்கிற பம்பை வாயில் வைத்து இழுத்தாய். அந்த அறையிலேயே இளஞ்சூடு இருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

அப்போது நான் என்ன கேட்டிருக்கவேண்டும்? ‘உனக்கு எங்கையடா ஓட்டை?’ என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. “பாம்புக்குச் செய்யிற பணிவிடையைப் பார்” என்று நக்கலடித்தேன்.

அதோடு விட்டேனா? “எங்களோடை வந்து இரன். மேலை அந்தச் சின்ன அறை, பொக்ஸ் ரூம், சும்மாதானே கிடக்கு. கட்டிலும் போட்டிட்டன். ஆனா உந்தச் சனியன் என்ரை படி ஏறக்கூடாது, சொல்லிப்போட்டன்” என்றேன்.

“அப்ப நானும் ஏறேலாதக்கா” என்று சிரித்தாய். சிரித்து, இருமி, மறுபடி பம்பை எடுத்தாய்.

அட கோதாரி விழுந்தவனே, ஒரு பாம்புக்காகவா? கொஞ்சம் சத்தம் போட்டிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேனே. இரண்டு கிழமை மூஞ்சியை நீட்டிக்கொண்டிருந்துவிட்டு ‘சரி, கொண்டுவந்து துலை’ என்று சொல்லியிருப்பேன். என்னோடு சண்டை பிடிக்கவும் உனக்குப் பஞ்சி, சோம்பல். அடுத்த கிழமை கேட்போம், தைப்பொங்கல் முடியக் கேட்போம் என்று நானும் இருந்தேன். பொங்கல் முடிந்தது. பக்கத்து அறைக்காரர் கதவை உடைத்தபோது நீ அதே கதிரையில், அதே பெட்டியில் சாய்ந்தபடி இருந்தாயாம். கையில் பம்ப். யன்னலில் டேப்.

நீ இல்லாத உன் அறையிலிருந்து பவளத்தை மோர்டனில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தலையணை உறைக்குள் அவளைக் கட்டி, என் மகள் அபி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். உன் மருமகள் அபிக்கு மட்டும்தான் அவளைப் பிடிக்கத் தெரியும். நீ வேலைக்காக வெளியூர் போன நாட்களில் பார்த்துக்கொண்டவள் அவள்தானே. உன் கட்டில் போட்டிருந்த பொக்ஸ் ரூமை நான் திறக்க விடவில்லை. அதனால் பெட்டியை முன்னறையில் வைத்தோம். பெட்டியின் பக்கத்தில் நீ எழுதி ஒட்டிய கடதாசியைப் பார்த்துப் பார்த்து அபி எல்லாவற்றையும் பூட்டினாள்.

அதற்கு மேலேதான் நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். உன் படம் வைக்க ஓர் இடம் வேண்டும். சனம் வந்தால் முதலில் கண்ணில் படவேண்டும். பெட்டி நல்ல உயரம். செத்தவீடு முடிந்த மறுநாள் காலை, உன் பட்டுக்கரை வேட்டியை எடுத்துப் பெட்டிமேல் விரித்து, இரண்டு பக்கமும் நிலம் மட்டும் தொங்கவிட்டு, உன் படத்தைத் தூக்கி நடுவில் வைத்து மாலை போட்டேன். வடிவாகத்தான் இருந்தது. நீ போட்ட துளைகள் கீழேயும் அடைபட்டன, மேலேயும் அடைபட்டன. நீ எழுதிய கடதாசியும் வேட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

உன் அத்தான் தன் பங்குக்கு ஒன்று செய்தார். முப்பத்தொரு நாளும் படத்துக்கு முன்னால் விளக்கு அணையக்கூடாது என்று, ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக் கடையொன்றில் சின்ன மின்சார விளக்கு ஒன்று வாங்கி வந்திருந்தார். அதன் வயர் கட்டை. சுவர் ப்ளக்குக்கு எட்டவில்லை. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவியபோது, தெர்மோஸ்டாட்டிலிருந்து வந்த வயரில் ஒரு ப்ளக் துளை அகப்பட்டது. அதில் குத்தியிருந்த பவளத்தின் சூட்டு பல்பைக் கழற்றிவிட்டு விளக்கைக் குத்தினார். ‘அதுக்கும் கரண்ட் வேணுமே’ என்று இரக்கப்பட்டு, சூட்டு பல்பை நேரே சுவரில் குத்திவிட்டார். நல்ல மனுசன். நல்ல மனதோடு ஒரு உயிரை அடுப்பில் வைத்தார்.

கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தது. வீடு நிறையச் சனம். திடீரென்று விளக்கு நின்றுவிட்டது.

உன் அத்தான் பல்பை மாற்றினார். எரியவில்லை. பக்கத்துத் தெருச் சொந்தக்காரரிடம் வேறு விளக்கு வாங்கி வந்து குத்தினார். அதுவும் எரியவில்லை. சனத்தின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, “பிள்ளைக்கு மனம் ஆறேல்லையடி. ஏதோ குறை வைச்சிட்டியள். ரண்டு விளக்கும் நிக்குதெண்டா என்ன கருத்து?” என்று அழத் தொடங்கினா. இன்னொருத்தர், பாம்பு இருக்கிற வீட்டில் விளக்கு எப்படி நிற்கும் என்றார். நான் உன் படத்தைப் பார்த்து, ‘செத்தும் என்னைச் சனத்துக்கு முன்னாலை வெக்கப்படுத்துறியே’ என்று மனதுக்குள் திட்டினேன். அவ்வளவு நேரமும் பவளம் என் முழங்காலுக்கு நேரே வெந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் அபி ஃபார்மசி வேலை முடிந்து வந்தாள். சப்பாத்தைக் கழற்றும்போதே கதையைக் கேட்டாள். விளக்கின் வயரை விரலால் பின்தொடர்ந்து பெட்டிக்குப் பின்னால் போனாள். பிறகு ஒரு கத்து.

“மாமான்ட தெர்மோஸ்டாட்டில ஆர் லைட்டைக் குத்தினது? அப்ப ஹீற்றர் எங்க? அப்பா! ஹீற்றர் எங்க?”

உனக்கு விளங்கியிருக்கும். தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்திருக்கிறது. பெட்டிக்குள் சூடு கூடிவிட்டது என்று அறிந்து, தன்னிடம் குத்தியிருந்ததை நிறுத்தியிருக்கிறது. அது நிறுத்தியது விளக்கை. நிறுத்தியிருக்கவேண்டிய பல்ப் சுவரில் கிடந்து மூசி மூசிக் காய்ந்துகொண்டிருந்தது. விளக்கு நின்றதற்கு உன் மனம் ஆறாதது காரணமில்லை. ஆறாத பெட்டிதான் காரணம்.

அபி வேட்டியை ஒரே இழுப்பாக இழுத்தாள். உன் படம் நிலத்தில் விழுந்து கண்ணாடி வெடித்தது. “ஐயோ படம்!” என்று பெரியம்மா கத்தினா. ஒருத்தரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை. சூட்டுப் பக்க வெப்பமானியில் நாற்பத்துமூன்று. குளிர்ப் பக்கத்திலும் முப்பத்தெட்டு. தண்ணீர்க் கோப்பையில் ஒரு சொட்டு இல்லை. பவளம் குளிர்ப் பக்க மூலையில், கீழே நீ போட்ட துளைகளோடு மூக்கை ஒட்டி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடி கிடந்தாள்.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். எத்தனை மழைக்காலம் கட்டில் விளிம்பில் கையை ஊன்றி, கழுத்தை நீட்டி, அப்படி நீ மூச்சு இழுத்திருக்கிறாய். நான் உன் முதுகைத் தடவியிருக்கிறேன். கையால் தொடமாட்டேன் என்று ஒன்பது வருடம் சபதம் பிடித்தவள், அன்று கண்ணாடியை இழுத்து இரண்டு கையாலும் அவளை அள்ளினேன். உடம்பு கொதித்தது. “என்ரை ராசாத்தி, என்ரை குஞ்சு, கொஞ்சம் பொறு” என்று நான் கத்தினதைச் சனம் எல்லாம் பார்த்தது. பார்க்கட்டும்.

பாம்பு பார்க்கிற மிருக வைத்தியருக்கு அபி போன் அடித்தாள். குளிர்ந்த தண்ணீரில் போடவேண்டாம், காற்றுள்ள இடத்தில் மெல்ல மெல்லச் சூடு இறங்கவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றார்கள். கொண்டுபோனோம். இளம் பெண் அந்த வைத்தியர். அபி நடந்ததைச் சொல்ல, பவளத்தின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடி, துளைகளை யார் மூடினது என்று கேட்டா. நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டா. அதை நான் எந்த மொழியில் சொல்ல? “இட்ஸ் எ ஃபியூனரல் திங்”, செத்தவீட்டு வழக்கம் என்று அபி சொல்லி முடித்தாள்.

பிறகு அந்த வைத்தியப் பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டா. பெட்டி எந்த அறையில் இருக்கிறது? அந்த அறையின் யன்னல் திறக்கிறதா? சுவரில் ஈரம் உண்டா? காற்று எதனால் வந்து எதனால் போகிறது? எனக்கு அந்த இடத்திலேயே அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. ஒரு பாம்புக்கு இத்தனை கேள்வி. இருபது வருடமாக உனக்குப் பம்ப் எழுதித் தந்தவர்களில் ஒருத்தராவது உன் அறைச் சுவரைப் பற்றிக் கேட்டார்களா? அவர்களை விடு. நான் கேட்டேனா? கேட்டு நீ பதில் சொல்லியிருந்தாலும், அப்போதும் நான் பாம்பைப் பற்றித்தானே சண்டை பிடித்திருப்பேன்.

இரண்டு நாள் அவளை அங்கே வைத்திருந்தார்கள். கம்பிக்கூடு இருந்தபடியால் உடம்பில் ஒரு சூட்டுக்காயமும் இல்லை என்றார்கள். நெஞ்சிலும் சளி இல்லை. தப்பிவிட்டாள். உன் கை தப்ப வைத்தது, எங்கள் கை கொல்லப் பார்த்தது.

அந்த இரண்டு நாளில் நான் பொக்ஸ் ரூமைத் திறந்தேன். உனக்கென்று போட்ட கட்டிலைக் கழற்றி வெளியே எடுக்கும்போது உன் அத்தான் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். பெட்டியை அங்கே கொண்டுபோய், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். உன் கடதாசியை அபி உரத்து வாசிக்க, அவர் பூட்ட, நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தேன். சூட்டு பல்ப் தெர்மோஸ்டாட்டில், தெர்மோஸ்டாட் சுவரில், அந்தச் சுவர் ப்ளக்கில் வேறு எதுவும் இல்லை. தண்ணீர் வழிந்தால் ப்ளக்குக்குள் போகாதபடி வயரைக் கீழே வளைத்து விட்டோம். வெறும் பெட்டியை ஒரு முழு நாள் ஓடவிட்டு, முப்பத்தொன்றிலும் இருபத்தைந்திலும் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவளை உள்ளே விட்டோம். மேலே ஒரு சாமானும் வைக்கமாட்டோம். உன் படம் இப்போது முன்னறைச் சுவரில், வெடித்த கண்ணாடியோடேயே தொங்குகிறது.

கடதாசியின் கடைசி வரியை நீ எந்த வாயால் சிரித்துக்கொண்டு எழுதினாயோ தெரியாது. “ஒருத்தரும் வயரைக் கழட்டக்கூடாது. துளையை மூடக்கூடாது. அக்கா சொன்னாலும் கூடாது.” அபி அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் குசினிக்குப் போய் அடுப்பில் கேத்தலை வைத்தேன்.

போன கிழமை உன் மிச்சச் சாமான்களை எடுக்க ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். வீட்டுக்காரர் அதற்குள் நாலாந்தரம் பெயின்ற் அடித்திருந்தார். வெள்ளைக்குக் கீழே கறுப்பு ஏற்கெனவே தெரிந்தது. அடுத்த மாதம் ஒரு குடும்பம் வருகிறதாம், கைக்குழந்தையோடு. நான் நேரே யன்னலுக்குப் போய் நகத்தால் உன் டேப்பைக் கிளப்பி இழுத்தேன். என்ன ஒட்டு ஒட்டியிருக்கிறாய், அறுவானே! என் நகம் இரண்டு பிய்ந்தது.

“குளிர் வருமெல்லோ தங்கச்சி” என்றார் அவர்.

“வரட்டும் அண்ணை. என்ரை தம்பி பாம்புக்குப் போட்டதிலை பாதி ஓட்டையாவது நீங்கள் மனுசருக்குப் போடுங்கோ. போடாமல் அந்தக் குழந்தையை உதுக்குள்ளை விட்டியளெண்டால், நான் கவுன்சில் வாசலிலை வந்து இருப்பன்” என்றேன். அவர் பாவம் என்று எனக்குப் படவில்லை. படங்களும் எடுத்து, கடிதமும் எழுதி, கவுன்சிலுக்கு அனுப்பியாயிற்று. நீ எழுதாத கடிதத்தை நான் எழுதினேன்.

இந்தக் கோபம் முப்பத்தோராம் நாளோடு அடங்கும் என்று நினைக்காதே. ஆனால் சத்தியம் ஒன்று பண்ணித் தருகிறேன், கேள். பவளம் இருக்கும்வரை அவளுக்குச் சூடும் காற்றும் குறையாது. காலையில் எழுந்ததும் இரண்டு வெப்பமானியையும் பார்த்து, தண்ணீர் மாற்றி, பொக்ஸ் ரூம் யன்னலை நாலு விரல் திறந்துவிட்டுத்தான் எனக்குத் தேத்தண்ணி. அந்த ஈஸ்ட் ஹாம் அறையில் சுவர் காய்ந்து, ஃபான் ஓடுவதைக் கண்ணால் பார்க்கும்வரை நான் விடமாட்டேன். உன்னைப்போல ‘பாவமக்கா’ சொல்ல எனக்குத் தெரியாது.

என் படி ஏறக்கூடாது என்றேனே, அவள் ஏறிவிட்டாள். உனக்கென்று வைத்த அறையில், உன் கட்டில் கிடந்த இடத்தில், நல்ல காற்றில் சுருண்டு படுத்திருக்கிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் அந்த அறை போதும், குகன். அளந்து பார்த்துவிட்டேன். கட்டிலும் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் வடிவாகக் கொள்ளும்.

அளக்கப் பிந்திப்போன,
உன் அக்கா